கிராஃபைட்டா, சிலிக்கானா?

லித்தியம் அயனி பேட்டரியின் எதிர்மின்முனைக்கு இன்று பெரும்பாலும் கிராஃபைட்தான். அதன் கார்பன் அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் நுழையும், வெளியேறும். பருமன் 10 சதவீதம் அளவுக்குத்தான் கூடும். அதனால்தான் ஆயிரம் முறை சார்ஜ் செய்தாலும் தாங்குகிறது. குறை என்னவென்றால், ஒரு லித்தியத்தைப் பிடித்துவைக்க ஆறு கார்பன் அணுக்கள் வேண்டும். கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி மின்னூட்டம், அதுதான் அதன் எல்லை.

சிலிக்கான் கதையே வேறு. நான்கு சிலிக்கான் அணுக்கள் 15 லித்தியத்தை வாங்கிக்கொள்ளும். கிராமுக்குச் சுமார் 3,579. கேட்க ஆசையாக இருக்கிறது, சரி. ஆனால் முழுதாக நிரம்பும்போது பருமன் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். அப்புறம் சுருங்கும். சில சுற்றுகள் ஓடிய செல்லைப் பிரித்துப் பார்த்தால், சிலிக்கான் துகள்களாலான கரும்பூச்சு காய்ந்த குளத்துச் சேறுபோல வெடித்து, செப்புத் தகட்டிலிருந்து செதில் செதிலாக உரிந்து நிற்கும். ஒவ்வொரு விரிசலும் ஒரு புது மேற்பரப்பு. அங்கே மின்பகுளி, அதாவது லித்தியம் அயனிகளைக் கடத்தும் திரவம், சிதைந்து படலம் கட்டும். லித்தியம் அதிலேயே தீர்ந்துபோகும்.

துகளைச் சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுவந்தால் துகள் வெடிப்பதில்லை. ஆனால் மேற்பரப்பு பெருகும், படலமும் கூடும். (இதே சிலிக்கானை 5 நானோமீட்டருக்கும் கீழே கொண்டுபோனால் புற ஊதா ஒளியில் சிவப்பாக ஒளிர்கிறது. எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அது.)

இப்போதைக்குக் கிராஃபைட்டோடு கொஞ்சம் சிலிக்கான் கலப்பதையே நான் சொல்வேன். ஆயுள்தான் முக்கியம் என்றால் தனிக் கிராஃபைட். தூய சிலிக்கானை நம்ப, துகள்களைப் பிணைத்துவைத்து அந்த விரிவைத் தாங்கும் பசைப்பொருள் முதலில் கைகூட வேண்டும்.