பொதுக் கணினியில் கோப்புறையைக் காப்பாற்றிய மூன்று வருடம்

வெள்ளவத்தையில் நாங்கள் நடத்தும் சின்ன வாசிகசாலையில் நான்கு கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் இயங்குதளம். உயர்தரப் பிள்ளைகளுக்கான கடந்தகால வினாத்தாள்களை டெஸ்க்டொப்பில் ஒரு கோப்புறையில் போட்டு வைத்திருந்தோம். பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அதைக் காணவில்லை. குப்பைத்தொட்டியும் காலி. தாள் எடுக்க வந்த பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பியது இன்னும் மனதில் நிற்கிறது.

முதலில் கோப்புகளை எல்லாம் 'வாசிக்க மட்டும்' என்று மாற்றினேன். அப்படியும் அழிந்தன. லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பில் இல்லை, அதை வைத்திருக்கும் கோப்புறையில் இருக்கிறது. அங்கே எழுத அனுமதி உள்ளவர் உள்ளே இருப்பதை அழிக்கலாம். இது பிடிபடவே எனக்கு ஒரு கிழமை போனது.

அப்புறம் கோப்புறைக்கு ஸ்டிக்கி பிட் என்ற அனுமதி அமைப்பைப் போட்டுப் பார்த்தேன், எண்ணில் 1777. எல்லாரும் எழுதலாம், அவரவர் கோப்பை அவரவர்தான் அழிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கணக்கில்தான் நுழைகிறார்கள். கணினிக்கு எல்லாரும் ஒரே ஆள்.

கடைசியில் நிலைத்தது இதுதான்: வினாத்தாள்களை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமான, 755 அனுமதியுள்ள (உரியவர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் பார்க்க மட்டும்) கோப்புறைக்கு மாற்றி, டெஸ்க்டொப்பில் ஒரு குறுக்குவழி மட்டும் வைத்தேன். யாராவது அதை அழித்தாலும் தாள்கள் போகாது. பிள்ளைகளிடமிருந்து காக்க இதுவே போதும்.

அதற்கு மேல் சேட்டர் +ஐ (chattr +i) என்ற கட்டளையால் 'மாற்ற முடியாது' என்ற அடையாளத்தைப் போட்டது எங்கள் தவறுகளிலிருந்து காக்க. ஒரு இரவு வட்டில் இடம் காலியாக்கும் அவசரத்தில் சூடோவோடு, அதாவது ரூட்டின் அதிகாரத்தோடு, தவறான கோப்புறையை அழிக்கப் போனேன். 'இச்செயலுக்கு அனுமதி இல்லை' என்று வரிசையாக விழுந்தது. ஒரு தாளும் போகவில்லை. அந்த அடையாளத்தை எடுக்காமல் ரூட்டாலும் அழிக்க முடியாது.

சிரமமும் உண்டு. புதிய தாள் சேர்க்க ஒவ்வொரு முறையும் அடையாளத்தை எடுத்துத் திரும்பப் போட வேண்டும். இரண்டு தடவை மறந்துவிட்டேன். இப்போது அடையாளம் இருக்கிறதா என்று காட்டும் எல்எஸ்-ஏட்டர் (lsattr) கட்டளையைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன். வேறு வட்டுக்குப் பிரதி எடுத்தால் அடையாளம் கூடப் போகாது. பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஃபெட் (exFAT) என்ற கோப்பு முறைமையில் இது வேலையே செய்யாது.

பிள்ளைகள் தாங்களே எழுதிச் சேமிக்கும் கோப்புறையை இப்படிப் பூட்ட முடியாது. அதை இரவில் ஆர்சிங்க் (rsync) என்ற பிரதி எடுக்கும் நிரல் ரூட்டின் இடத்துக்குப் பிரதி எடுக்கிறது, இங்கே அழிந்தவை அங்கே அழியாதபடி. போன மாதம் ஒரு தங்கச்சியின் செயற்றிட்ட அறிக்கையை அங்கிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன்.