டூரில் பிள்ளை படுக்கையை நனைத்தால்: ட்ரை ஷீட், ரப்பர் ஷீட், அண்டர்பேட், பேண்ட்ஸ், எது தாங்கும்?

லீவுக்கு ஊட்டிக்கோ ராமேஸ்வரத்துக்கோ டிக்கெட் போட்டதும், இரவில் படுக்கையை நனைக்கிற பிள்ளை உள்ள வீட்டில் முதலில் தேடுவது ஒரு ஷீட்டைத்தான். கடையில் கேட்டால் கைக்குழந்தைக்கான ட்ரை ஷீட்டை எடுத்து நீட்டுவார்கள். ஆன்லைனில் தேடினாலும் முதலில் வருவது அதுதான். ஆறேழு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

ஏன் போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 4 முதல் 12 வயது வரை பிள்ளையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க, வயதோடு 1 கூட்டி 30-ஆல் பெருக்குவார்கள் மருத்துவர்கள். 7 வயதுக்கு 240 மி.லி., 9 வயதுக்கு 300 மி.லி. கைக்குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை போகும். பெரிய பிள்ளையோ அசந்து தூங்கும்போது ஒரு டம்ளருக்கு மேல் ஒரே தடவையில் விட்டுவிடும். எந்தப் பொருளை வாங்கினாலும் ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டுத் தரையில் விரித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள். பாக்கெட்டில் எழுதியிருப்பதைவிட அதுவே சரியாகச் சொல்லும்.

ட்ரை ஷீட்

மேலே மெத்தென்ற துணி, அடியில் நீர் புகாத மெல்லிய படலம். பொதுவாக மூன்று அளவில் வருகிறது: 50×70, 70×100, 100×140 செ.மீ. முதல் இரண்டும் பெரிய பிள்ளைக்கு உதவாது, ஒருமுறை புரண்டாலே இடுப்பு ஷீட்டைத் தாண்டிவிடும். 100×140 வாங்கி, 140 பக்கம் கட்டிலின் குறுக்காக வரும்படி இடுப்புக்கு அடியில் விரித்து, இரண்டு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். ஹோட்டல் மெத்தை நடுவில் குழிந்திருந்தால் ஈரம் அந்தக் குழியிலேயே தேங்கும், மெத்தைக்குள் போகாது. ஆனால் ஓரம் பார்த்துச் சரிந்திருந்தால் ஷீட்டின் விளிம்பு வழியாக வழிந்துவிடும்.

புதிதாக வாங்கியதும் அப்படியே போட வேண்டாம். பாலியெஸ்டர் துணி முதலில் தண்ணீரை உள்ளே இழுக்காமல் உருட்டிவிடும். இரண்டு முறை அலசிக் காயப்போட்டால்தான் உறிஞ்சத் தொடங்கும். கம்ஃபர்ட் மாதிரியான துணி மென்மையாக்கி ஊற்றவே கூடாது, உறிஞ்சும் தன்மை போய்விடும். வெந்நீர், ப்ளீச், இஸ்திரி மூன்றும் அடிப்படலத்துக்கு எதிரி. வாஷிங் மெஷினில் ஸ்பின் போடாதீர்கள். நீர் புகாத ஷீட் தண்ணீரைப் பை போலப் பிடித்துக்கொண்டு டிரம்மை ஒரு பக்கமாக இழுக்கும்.

பயணத்தில் இதன் பெரிய குறை, காய்வதுதான். பெயரில்தான் ட்ரை. ஊட்டி, கொடைக்கானலில் மழையோ மூட்டமோ இருந்தால் காலையில் அலசியது மறுநாள் காலையிலும் சில்லென்று இருக்கும். ராமேஸ்வரத்தில் வெயில் அடிக்கும், கடற்காற்றின் பிசுபிசுப்பு போகாது. இரண்டு ஷீட் கொண்டுபோனால்தான் மூன்று இரவு சமாளிக்கலாம். அதற்குள் பெட்டியில் பாதி இடம் போய்விடும்.

ரப்பர் ஷீட்

மருந்துக்கடையிலும் குழந்தைச் சாமான் கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவது. வேர்க்கும், வழுக்கும், புதிதில் வாடை அடிக்கும். வீட்டுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டோம். ஆனால் மலைப்பிரதேசத்துக்குப் போகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறில்லை. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினால் ஒரு நிமிடத்தில் மடித்து வைத்துவிடலாம். ஒன்றரை மீட்டர் வாங்கி, மேலே பழைய காட்டன் வேட்டியை நான்காக மடித்துப் போடுங்கள். வேட்டி உறிஞ்சும், ரப்பர் தடுக்கும். துணி போடாமல் வெறும் ரப்பர் மேல் படுத்தால் ஈரம் முதுகுவரை ஓடிப் பிள்ளை முழுக்க நனையும்.

அண்டர்பேட்

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்காக மருந்துக்கடையில் வைத்திருக்கும் 60×90 செ.மீ. பேட்தான் இது, பத்து பத்தாக வரும். குழந்தைப் பிரிவில் தேடினால் கிடைக்காது, "பெரியவங்களுக்கான அண்டர்பேட்" என்று கேட்டு வாங்க வேண்டும். அடியில் பிளாஸ்டிக், நடுவில் ஈரத்தைக் கட்டியாக்கிப் பிடிக்கும் ஜெல் கலந்த பஞ்சு. ஜெல் இல்லாத மலிவான ரகமும் உண்டு. அதில் பஞ்சு மட்டும் இருப்பதால் உறிஞ்சியதை, பிள்ளை மேலே உருண்டதும் திரும்பக் கக்கிவிடும். பேட்டைக் கையால் அழுத்தித் தடவிப் பார்த்தால் ஜெல் மணல் மாதிரி நெருடும். எதுவும் நெருடவில்லை என்றால் வேறு ரகம் கேளுங்கள்.

குறை என்னவென்றால், நகர்ந்துவிடும். கை கால் அடித்துத் தூங்கும் பிள்ளை நள்ளிரவுக்குள் அதைச் சுருட்டிக் காலடிக்குத் தள்ளிவிடும். இதற்கு ஒரே வழி, பேட்டைக் குறுக்காகப் போட்டு அதன்மேல் பெட்ஷீட்டை விரித்து, பெட்ஷீட்டின் நான்கு பக்கமும் இறுக்கமாகச் செருகுவது. டேப் போட்டு ஒட்டாதீர்கள். ஹோட்டல் மெத்தையில் பசை படிந்தால் அதற்கு வேறு கேள்வி வரும்.

நாங்கள் மிகவும் பரிந்துரைப்பது இரண்டடுக்கு முறை. கீழே ஒரு பேட், அதன்மேல் ஒரு பெட்ஷீட், அதன்மேல் இன்னொரு பேட், அதன்மேல் இன்னொரு பெட்ஷீட். இரவு இரண்டு மணிக்கு நனைந்தால் மேலே உள்ள பேட்டையும் பெட்ஷீட்டையும் உருவிச் சுருட்டினால் போதும், கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். லைட் போட வேண்டாம், யாரையும் எழுப்ப வேண்டாம். ஒரே அறையில் தாத்தா பாட்டியோடு தங்கும்போது பிள்ளையின் மானத்தைக் காப்பது இந்தச் சின்ன ஏற்பாடுதான்.

பேண்ட்ஸ் டயாப்பர்

இந்தியக் கடைகளில் கிடைக்கும் எக்ஸ்எக்ஸ்எல் பேண்ட்ஸ் பொதுவாக 15 முதல் 25 கிலோ வரைக்கும். ஆறேழு வயது ஒல்லிப் பிள்ளைக்குச் சரியாக வரும். அதற்கு மேல் உள்ளவர்களுக்குத்தான் திண்டாட்டம். பெரியவர்களுக்கான சிறிய அளவு பேண்ட்ஸ் இடுப்பில் நின்றாலும் தொடையில் லொடலொடவென்று இருக்கும், கசிவு அங்கேதான். வெளிநாட்டில் இந்த வயதுக்கென்றே ஹக்கீஸ் ட்ரைநைட்ஸ் என்று வருகிறது: 4–7 வயதுக்கு 17–30 கிலோ, 8–15 வயதுக்கு 27–57 கிலோ. அமெரிக்காவில் இதுவே குட்நைட்ஸ். சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் லீவுக்கு வருகிறார் என்றால் சாக்லேட்டுக்குப் பதில் இதில் இரண்டு பாக்கெட் கேளுங்கள். உண்மையிலேயே வித்தியாசம் தெரியும்.

பேண்ட்ஸ் போட்டும் நனைந்தது என்று புகார் சொல்பவர்களில் பலருக்குக் கோளாறு பொருளில் இருக்காது, போட்ட விதத்தில் இருக்கும். தொடையைச் சுற்றி மெல்லிய சுருக்கு ஓரம் ஒன்று உண்டு. மாட்டும்போது அது உள்ளே மடிந்துவிடும். மடிந்த இடத்தில் வாய்க்கால் வெட்டியதுபோல ஈரம் நேராக வெளியே வரும். மாட்டியபின் இரண்டு தொடையிலும் ஒரு விரலை உள்ளே விட்டு, முன்னிருந்து பின்னாக ஒரு சுற்றுச் சுற்றி அந்தச் சுருக்கை வெளியே எடுத்துவிடுங்கள். ஆண் பிள்ளைக்குக் குறி கீழ்நோக்கி இருக்க வேண்டும், மேல்நோக்கி இருந்தால் இடுப்புப் பட்டை வழியாக வந்து பனியன் நனையும். மேலே ஒரு இறுக்கமான ஜட்டி போட்டால் பேண்ட்ஸ் உடலோடு ஒட்டி நிற்கும். ஜெல் உறிஞ்சச் சில நொடிகள் ஆகும், அதுவரை ஈரத்தை அங்கேயே நிறுத்தி வைக்க அந்த ஜட்டி உதவும்.

கூடுதலாகத் தாங்கட்டும் என்று உள்ளே சானிட்டரி நாப்கின் வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதன் அடியில் பிளாஸ்டிக் இருப்பதால் தான் கொண்டது போக மீதியை டயாப்பருக்குள் இறங்கவிடாமல் பக்கவாட்டில் தள்ளும், தொடை வழியாகக் கசியும். உள்ளே வைப்பதானால் பிளாஸ்டிக் இல்லாத துணி லங்கோடு வையுங்கள்.

ரயில், பஸ், மண்டபம்

ரயில் பெர்த் ரெக்சின் என்பதால் பயம் வேண்டாம், துடைத்தால் போய்விடும். பிள்ளைக்கு லோயர் பெர்த்தே வேண்டும். மிடில் பெர்த்தில் நனைந்தால் ஓரம் வழியாகச் சொட்டுவது கீழே தூங்குபவர்மேல். சைடு லோயரைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு சீட்டை மடக்கிச் சேர்க்கும் இடத்தில் நடுவே ஒரு இடுக்கு உண்டு, சரியாகப் பிள்ளையின் இடுப்பு அங்கேதான் வரும், உள்ளே போன ஈரத்தைத் துடைக்க முடியாது. வேறு வழியில்லை என்றால் இடுக்கின் நீளத்துக்கும் பேட்டைப் போட்டு, மேலே மடித்த போர்வையை விரியுங்கள். ஏசி பெட்டியில் தரும் கம்பளியைப் பிள்ளையின் இடுப்புக்குக் கீழே போர்த்தாமல், வீட்டிலிருந்து எடுத்துப்போன போர்வையைப் பயன்படுத்துங்கள்.

ஸ்லீப்பர் பஸ்தான் கடினம். டாய்லெட் இல்லை, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு இடத்தில் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். நனையாத பிள்ளைக்கும் அன்று பேண்ட்ஸ் போடுவதே நல்லது.

கல்யாண மண்டபத்திலோ சித்தி வீட்டுக் கூடத்திலோ ஜமுக்காளம் விரித்து எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகப் படுப்பார்கள். கோரைப்பாயில் நனைந்தால் கோடு கோடாக ஓடி அடுத்த பிள்ளையைத் தொட்டுவிடும். இங்கே ஷீட் விரித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பேண்ட்ஸை அன்றைய இரவு உடைக்குள் மடித்துத் தலையணை உறைக்குள் வைத்து, பாத்ரூமில் போட்டுக்கொள்ளப் பிள்ளைக்கு முன்பே பழக்குங்கள். வரிசையில் கடைசி இடம், பாத்ரூமுக்கு அருகில், அம்மா பக்கத்தில்.

ஊருக்குப் போனால் ஏன் அதிகமாகிறது?

வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் என்று இருந்தது டூரில் தினமும் ஆகும். பகலில் காருக்குள் தண்ணீர் குடிப்பதில்லை, வழி டாய்லெட்டைப் பார்த்து அடக்கிக்கொள்கிறார்கள். மாலையில் அறைக்கு வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீர், ஒன்பதரை மணிக்குச் சாப்பாடு, கூடவே கோலா. இரண்டு மூன்று நாள் மலச்சிக்கல் வேறு சேர்ந்தால், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தி இடத்தைக் குறைத்துவிடும். குளிர் ஊரில் சிறுநீரும் அதிகம் ஊறும். தண்ணீரைக் குறைக்காதீர்கள், காலைக்கும் மதியத்துக்கும் மாற்றுங்கள். படுக்கும் முன் இரண்டு மணி நேரம் மட்டும் கட்டுப்பாடு. சிப்ஸ், டீ, காபி, கோலா மாலைக்கு மேல் வேண்டாம். நீங்கள் படுக்கப் போகும்போது பிள்ளையை நன்றாக எழுப்பி நடத்திக் கூட்டிப்போங்கள். இது பழக்கத்தை மாற்றாது, ஆனால் அன்றைய படுக்கை பிழைக்கும்.

இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்க மருத்துவர் எழுதித் தரும் டெஸ்மோப்ரெசின் மாத்திரையை டூருக்கு மட்டும் கொடுப்பதும் உண்டு. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். மாத்திரைக்கு 1 மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்புவரை தண்ணீர் மிகக் குறைவாகவே குடிக்கலாம். மீறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகும். வாந்தி பேதி உள்ள நாளில் கொடுக்கவே கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதியதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மெத்தை நனைந்தேவிட்டால்

தேய்க்காமல் டவலால் அழுத்தி ஒற்றுங்கள், டவல்மேல் ஏறி நின்றே ஒற்றலாம். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர், ஸ்பிரே பாட்டிலில். மறுபடி ஒற்றி, ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். வெந்நீர் ஊற்றினால் வாடை உள்ளேயே தங்கிவிடும். ப்ளீச் போடவே கூடாது, சிறுநீரில் ஊறும் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும். ஃபினைல் வாடையை மூடுமே தவிர எடுக்காது. ரிசப்ஷனில் நேராகச் சொல்லி மாற்று பெட்ஷீட் கேளுங்கள். மறைத்து வைத்த ஈரம்தான் அறையைக் காலி செய்யும் நாளில் மெத்தைக்கான பில்லாக வரும்.

மூன்று இரவுக்கு எடுத்துப்போக வேண்டியவை: 8 அண்டர்பேட், 5 பேண்ட்ஸ், 2 காட்டன் பெட்ஷீட், 200 மி.லி. வினிகர் ஸ்பிரே, பெரிய ஜிப் கவர் 6, கறுப்புக் குப்பைக் கவர் ஒரு சுருள். மலைக்கென்றால் ஒன்றரை மீட்டர் ரப்பர் ஷீட் கூடுதல். பயன்படுத்திய பேட்டை ஈரப்பக்கம் உள்ளே வரும்படி சுருட்டிக் கறுப்புக் கவரில் முடிந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள். டாய்லெட்டில் போட்டால் ஜெல் ஊதி அடைத்துக்கொள்ளும். ஈர உடையைப் பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தபின் ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடினால், வீடு வரும்வரை பெட்டியில் வாடை வராது.

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தாலோ, எரிச்சல், பகலிலும் கசிவு, அடங்காத தாகம், எடை இறக்கம் இருந்தாலோ ஷீட் வாங்கும் வேலையைத் தள்ளிவைத்து முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். டிக்கெட் தேதியை மாற்றிக்கொள்ளலாம்.