ஜாவா லாம்டா: வரி குறைவதைவிடப் பெரிய லாபம்

2014 மார்ச்சில் ஜாவா 8 வந்ததிலிருந்து லாம்டாவை, அதாவது பெயர் வைக்காமல் தேவைப்படும் இடத்திலேயே எழுதும் சிறு ஃபங்ஷனை, எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனாலும் அனானிமஸ் கிளாஸை (பெயரில்லாமல் அங்கேயே எழுதும் கிளாஸ்) சுருக்கி எழுதும் வசதி என்றே அதைப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அனானிமஸ் கிளாஸ் எழுதினால் கம்பைலர் அதற்கென்று டாலர் குறியும் எண்ணும் சேர்ந்த பெயரில் தனி கிளாஸ் ஃபைல் உண்டாக்கும். லாம்டாவோ அதே கிளாஸுக்குள் ஒரு பிரைவேட் மெத்தடாகப் போய் உட்காரும். அதனால் உள்ளே 'திஸ்' என்றால் வெளி ஆப்ஜெக்ட்தான். அதைத் தொடாத லாம்டா அதை நினைவகத்தில் பிடித்து வைப்பதும் இல்லை.

உண்மையான லாபம் டிசைனில் தெரியும். பில்லிங்கில் பண்டிகைத் தள்ளுபடி, உறுப்பினர் தள்ளுபடி, மொத்தக் கொள்முதல் தள்ளுபடி என்று மூன்று கணக்குகள் இருந்தால், முன்பு ஒரு இன்டர்ஃபேஸும் மூன்று கிளாஸும் தேவைப்பட்டன. இப்போது ஒரு இன்டர்ஃபேஸ், மூன்று வரி. ஒரே நிபந்தனை, அந்த இன்டர்ஃபேஸில் ஒரே ஒரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்தான் (உடல் எழுதப்படாத மெத்தட்) இருக்கலாம். ஃபங்ஷனல் இன்டர்ஃபேஸ் அனொட்டேஷனை மேலே போட்டுவிடுங்கள். பிறகு யாராவது இரண்டாவதைச் சேர்த்தால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.

அதிகம் சறுக்கும் இடம் சார்ட்டிங். இதைப் பாருங்கள்:

(அ, ஆ) -> அ.இருப்பு - ஆ.இருப்பு

(ஜாவாவில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) இருப்பு இன்ட் (முழு எண்) வகை என்றால் இது பார்க்க அழகு, ஆனால் தவறு. 2147483647-இலிருந்து -1-ஐக் கழித்தால் இன்ட் நிரம்பி வழிந்து -2147483648 ஆகிவிடும்; பெரிய தொகை பட்டியலில் முன்னால் வந்து நிற்கும். கழிக்காமல் கம்பேரேட்டரின் 'கம்பேரிங்இன்ட்' மெத்தடைப் பயன்படுத்துங்கள். இறங்குவரிசை வேண்டுமென்று அதற்குள் லாம்டா எழுதி, பின்னால் 'ரிவர்ஸ்ட்' சேர்த்தால் கம்பைல் ஆகாது. அந்தச் சங்கிலியில் டைப் பின்னோக்கிப் போய்ச் சேராததால், அளவுருவை வெறும் ஆப்ஜெக்ட் என்றே கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. '::' குறி போட்டு மெத்தட் ரெஃபரன்ஸ் (இருக்கிற மெத்தடின் பெயரையே) கொடுங்கள், அல்லது அளவுருவின் டைப்பை வெளிப்படையாக எழுதுங்கள்.

குறைகளில் முதலிடம் செக்ட் எக்ஸெப்ஷனுக்கு, அதாவது பிடித்தோ அறிவித்தோ ஆக வேண்டும் என்று கம்பைலர் கட்டாயப்படுத்தும் பிழைக்கு. ஸ்ட்ரீமின் (தரவை ஒவ்வொன்றாகக் கடத்திச் செயலாக்கும் வசதி) 'மேப்'புக்குள் ஃபைல் படித்தால் ஐஓ எக்ஸெப்ஷனை வெளியே விட வழியில்லை; உள்ளேயே பிடித்து, அன்செக்ட் ஐஓ எக்ஸெப்ஷனில் பொதிந்து வீச வேண்டும். நிரல் அசிங்கமாகிவிடும். பத்தாண்டு தாண்டியும் இது தீராதது வருத்தம்தான்.

வெளியில் உள்ள லோக்கல் மாறியை லாம்டாவுக்குள் மாற்ற முடியாது. சிலர் ஓர் உறுப்பு அர்ரே வைத்து அதில் எண்ணுகிறார்கள். பல திரெட்களில் ஒரே நேரத்தில் ஓடும் பேரலல் ஸ்ட்ரீமுக்கு மாறிய அன்று எண்ணிக்கை குறையக்கூடும். எண்ணுவதற்கு ஸ்ட்ரீமின் 'ஃபில்டர்', 'கவுண்ட்' இரண்டும் போதும்.

லிசனரை (ஒரு நிகழ்வு நடந்தால் அழைக்கப்படுவது) நீக்க அதே லாம்டாவை மறுபடி எழுதினால் நீங்காது, அது வேறு ஆப்ஜெக்ட். சேர்க்கும்போதே ஒரு ஃபீல்டில் வைத்திருங்கள்.

மூன்று வரியைத் தாண்டும் லாம்டாவை நான் ஏற்கவே மாட்டேன். அதற்குப் பெயர் வைத்து மெத்தடாக்கி, ரெஃபரன்ஸாகக் கொடுத்துவிட்டால் தனியாக டெஸ்ட் எழுதலாம். புரொடக்ஷனில் பிழை வந்தால் ஸ்டாக் டிரேஸில் (பிழைக்கு முன் அழைக்கப்பட்ட மெத்தட்களின் பட்டியல்) 'லாம்டா டாலர் மெயின் டாலர் 0' போன்ற பெயருக்குப் பதில் உங்கள் மெத்தடின் பெயரே நிற்கும்.