மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் எடுத்த சாம்பிளை நம்பிப் பழைய வைட் லென்ஸ் வாங்காதீர்கள்

என்னுடைய நிக்கான் எஃப்எம்2 பிலிம் கேமராவுக்கு ஒரு 24 மி.மீ. எஃப் 2.8 வைட் லென்ஸ் (அகலமான காட்சியைப் பிடிப்பது) ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஆன்லைனில் ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்தார். சர்வீஸ் செய்தது, ஃபங்கஸ் இல்லை, ஃபோகஸ் வளையம் வழுவழுவென்று திரும்பும் என்று எழுதி, கூடவே ஏழெட்டு சாம்பிள் படங்கள். தூரத்து மலை, கட்டடம் எல்லாம் கத்தி மாதிரி இருந்தன. வாங்கிவிட்டேன்.

முதல் ரோல் நல்ல வெயிலில், எஃப் 8, எஃப் 11-இல், அதாவது லென்ஸின் திறப்பைச் சுருக்கி எடுத்தது. குறையே இல்லை. விற்பனையாளரைப் பாராட்டி நாலு வரி வேறு எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது ரோல் மாலை வெளிச்சத்தில், முழுக்க எஃப் 2.8, அதாவது முழுத் திறப்பு. கழுவி வந்ததும் வயிறு கலங்கியது. பக்கத்தில் நிற்பவர் தெளிவு, பின்னால் தூரத்தில் இருப்பதெல்லாம் கூழ். நான் வளையத்தை இன்ஃபினிட்டி (வெகுதூரத்துக்கான ஃபோகஸ் குறி) முட்டும்வரை திருப்பி எடுத்த படங்கள் அவை. வைட் லென்ஸ்தானே என்று வியூஃபைண்டரைக் கவனித்துப் பார்க்கவில்லை, அது என் தப்பு. பார்த்திருந்தாலும், 24 மி.மீ.-இல் எல்லாம் அத்தனை சின்னதாகத் தெரியும்போது கண்டுபிடித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் உள்தண்டவாளங்களின் மேல் மங்கலான ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டினேன் (ஷட்டர் திரையில் விரல் படவே கூடாது). ஷட்டரை பி-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, கேபிள் ரிலீஸால் திறந்தபடி பூட்டி, லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தேன். வளையம் இன்ஃபினிட்டியில் இருக்கிறது. நாடாவில் தெளிவாக விழுவதோ நாலு மீட்டர் தள்ளி இருந்த நாற்காலி!

கணக்குப் போட்டால் லென்ஸ் வெறும் 0.15 மி.மீ. அளவுக்குத்தான் முன்னால் தள்ளி நிற்கிறது. அதே பிசகு ஒரு 135 மி.மீ. லென்ஸில் இருந்தால் நூறு மீட்டருக்கு அப்பால்வரை ஃபோகஸ் எட்டும். வைட் லென்ஸில் நாலு மீட்டரோடு நின்றுவிடுகிறது. எஃப் 8-இல் டெப்த் ஆஃப் ஃபீல்டு (ஃபோகஸுக்கு முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம்) கூடி அதை மூடி மறைத்துவிடும். என் முதல் ரோல் தப்பித்தது அப்படித்தான்.

விற்றவரிடம் கேட்டேன். "டிஜிட்டலில் சரியாக வருகிறதே, உங்கள் கேமராவில்தான் கோளாறு" என்றார். ஒரு நாள் முழுக்க நானே அதை நம்பினேன். அப்புறம் நண்பரின் 28 மி.மீ. லென்ஸை என் கேமராவில் மாட்டினேன், சரியாக இருந்தது. என் லென்ஸை அவர் கேமராவில் மாட்டினோம், அதே நாலு மீட்டர்.

அப்படியானால் சாம்பிள் படங்கள் எப்படித் தெளிவாக வந்தன? அவை மிரர்லெஸ்ஸில், பழைய லென்ஸைப் பொருத்த உதவும் அடாப்டர் வளையம் போட்டு எடுத்தவை. நிக்கான் எஃப் மவுண்டுக்கும் (கேமராவில் லென்ஸ் பூட்டும் வளையம்) பிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. இருக்க வேண்டும். பல அடாப்டர்களை அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் மெல்லியதாகவே செய்கிறார்கள். லென்ஸ் இன்ஃபினிட்டியைத் தாண்டிப் போனால் யாரும் கேட்க மாட்டார்கள், எட்டாமல் போனால்தான் சண்டை வரும். அடாப்டரின் அந்த மெலிவு லென்ஸின் கோளாறைச் சரிக்கட்டிவிட்டது. அவர் தெரிந்தே செய்தாரா, அவரும் ஏமாந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பணத்தைத் திருப்பித் தர மறுத்தபோது, நான் எழுதிக் கொடுத்த பாராட்டையே எடுத்துக் காட்டினார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

லென்ஸைத் திறந்து பார்த்த மெக்கானிக், சர்வீஸ் செய்தவர் ஃபோகஸ் வளையத்தைத் திரும்பப் பூட்டும்போது இன்ஃபினிட்டியைச் சரிபார்க்கவே இல்லை என்றார். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்ததைக் காட்டினார். அதை வாங்கிய அன்றே நான் பார்த்தேன், பழைய லென்ஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வாங்குபவர்கள் பிலிம் கேமராவில், முழுத் திறப்பில், தூரத்து விளக்கு ஒன்றை எடுத்த படத்தைக் கேளுங்கள். இல்லை என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அந்த ஒட்டுநாடா சோதனையைச் செய்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

அதே ஆள் இப்போது ஒரு 20 மி.மீ. போட்டிருக்கிறார். சாம்பிள் எல்லாம் மறுபடியும் மிரர்லெஸ்ஸில்தான்.