கோட்டைக்குள் பிறந்ததும் ஒற்றைக் கட்டிலில் தொடங்கியதும்

சென்னை அரசு பொது மருத்துவமனையையும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், யார் தொடங்கினார்கள் என்பதைவிட யாருக்காகத் தொடங்கினார்கள் என்பதே இரண்டின் போக்கையும் பெரிதும் தீர்மானித்திருப்பது புலப்படும்.

முன்னது 1664 நவம்பர் 16 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காகப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு வீட்டில் அமைந்தது. 1772இல் கோட்டைக்கு வெளியே இப்போதுள்ள இடத்துக்கு வந்த பிறகும், இந்தியர்களுக்கு அதன் கதவுகள் 1842இல்தான் திறந்தன; ‘பொது’ என்ற சொல் பொருள் பெறுவதற்கு 178 ஆண்டுகள் ஆயின எனலாம்.

வேலூரில் வரிசை நேர்மாறானது. ஆண் மருத்துவரை அணுகத் தயங்கிய பெண்களை மனத்தில் வைத்தே அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902இல் அது 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயிற்று. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தது.

சோதனை 1930களின் இறுதியில் வந்தது. பட்டயப் படிப்பு போதாது, பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்று மாகாண அரசு விதித்தபோது, அதற்கேற்ற கட்டடங்களோ ஆசிரியர்களோ பணமோ போதிய அளவில் இல்லாத அந்தப் பள்ளி மூடப்படும் நிலைக்கு வந்தது. பல திருச்சபைகளின் உதவியைத் திரட்டி 1942இல் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1947இல் ஆண்களையும் சேர்த்தது. பெண்களுக்கென்றே பிறந்த நிறுவனம் பிழைப்பதற்குக் கொடுத்த விலை அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1835 முதல் மருத்துவக் கல்வியைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, அரசுப் பணத்தில் இயங்கிவந்த சென்னைக்கு அத்தகைய நெருக்கடி நேரவில்லை. 2011இல் ராஜீவ் காந்தியின் பெயர் சேர்ந்தபோதும் மக்கள் வாயில் அது ‘ஜி.எச்.’ ஆகவே நீடிக்கிறது. அங்கே ஏழைகளுக்குச் சிகிச்சை இலவசம். கட்டணம் வாங்கும் வேலூருக்கோ வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள்.