திருகோணமலையில் தாயகம் திரும்பியோருக்கான ஆவண உதவிச் சேவை

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது திருகோணமலை மாவட்டத்திலிருந்து மன்னார்க் கரை வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் திரும்பி வந்திருக்கிறார்கள். அங்குள்ள அகதி முகாம்களில் பிறந்த அந்தப் பிள்ளைகளிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் 1987 ஜூலைக்குப் பின் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருந்தாலன்றி அந்நாட்டுக் குடியுரிமை கிடையாது. இலங்கையிலும் பதிவு செய்யும்வரை அவர்கள் குடிமக்கள் அல்லர். இத்தகையோருக்காக நகரில் ஓர் உள்ளூர்த் தொண்டு நிறுவனம் நடத்தும் இலவச ஆவண உதவிச் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். என் பெரியம்மாவின் குடும்பத்துக்காக அங்கு போய்வந்திருக்கிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் வழி சொல்வார்.

இச்சேவையின் முதற்சிறப்பு, அங்குள்ளவர்களுக்குச் சட்டம் தெரிந்திருப்பதுதான். பெரியம்மாவின் மகள் முகாமில் ஓர் இந்தியரை மணந்தவர். தகப்பன் இலங்கையர் அல்லாததால் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்காது என்று ஓர் அரச அலுவலகத்தில் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின் 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தாயோ தகப்பனோ எவரேனும் ஒருவர் இலங்கையராக இருந்தாலே போதும் என்பதை இந்த மேசையிலிருந்த பெண் சட்டப்பிரிவைக் காட்டி விளக்கினார். பிறந்து ஓராண்டுக்குள் பதியத் தவறியிருந்தாலும் தகுந்த காரணம் காட்டிக் காலநீடிப்புக் கோரலாம் என்று சொல்லி, அதற்கான சத்தியக்கடதாசியையும் அவரே தயாரித்தார். “அம்மா, அவசரமில்லை, எந்த முகாம், எந்த வருசம் எண்டு ஆறுதலாச் சொல்லுங்கோ” என்று அவர் கேட்ட விதத்தில் பெரியம்மாவின் கைநடுக்கம் நின்றது. சிங்களப் படிவங்களை நிரப்பி, பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கோவையை, அதாவது ஆவணத் தொகுப்பை, முழுமையாக ஒழுங்குசெய்து தந்தார்கள். அடையாள அட்டை இல்லாமல் பரீட்சைக்கும் வேலைக்கும் அலையும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

காத்திருக்கும் இடத்தில் அரசியல் வாக்குவாதத்துக்குக் குறைவில்லை. கடவுச்சீட்டின்றிக் கடல்வழியே போனவர் சட்டத்தை மீறியவர்தானே என்று ஒருவர் வாதிட்டார். 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் ஏற்பாட்டில் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர் அந்தக் காரணத்துக்காகவே கைதுசெய்யப்பட்ட செய்தி அவருக்கும் தெரிந்திருந்தது. எல்லைக் கட்டுப்பாடு எந்த நாட்டுக்கும் வேண்டியதுதான். ஆனால் உயிருக்குப் பயந்து ஓடியவர் அங்கீகரிக்கப்பட்ட துறைமுகத்தில் முத்திரை குத்திக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளுக்குப் பின் கேட்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் மீட்கப்பட்டு இந்நகருக்குக் கொண்டுவரப்பட்ட ரோஹிங்கியா மக்களைப் பற்றியும் பேச்சு எழுந்தது. நமக்கே காணியில்லை, அவர்களுக்கு ஏன் இடம் என்றார் ஒருவர். இலங்கை 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கைச்சாத்திடவில்லை என்பது உண்மை. ஆயினும் வேறொரு நாடு கதவைத் திறந்ததால் உயிர்பிழைத்த குடும்பங்கள் இருக்கும் மாவட்டத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது எனக்கு வலித்தது. மேசையில் இருந்தவர்கள் இந்த வாதங்களில் பக்கம் சாராமல், முறைப்படி அடுத்தவரை அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

குறைகள் உண்டு. சேவை முழுவதும் வெளிநாட்டு நிதியில் நடக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததிலிருந்து உலகெங்கும் இத்தகைய நிதி சுருங்கியிருக்கிறது; இங்கும் வேலைநாட்கள் குறைந்துவிட்டன. அதைக் கதவில் ஒட்டாததால் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் வந்தவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். தொலைபேசிக்கும் பெரும்பாலும் பதில் இல்லை. கோவை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும். காணி விடயத்தில் அவர்களின் உதவி மேலோட்டமானது. காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள் சட்டத்தரணியை நாடுவதே நல்லது.

வெளிநாட்டுப் பணம் தலையீட்டுக்கு வழி என்று சொல்வோர், இந்த வேலையைப் பிரதேச செயலகங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று அதே உரப்பில் கேட்க வேண்டும். திருகோணமலை நகருக்குரிய ‘பட்டணமும் சூழலும்’ பிரதேச செயலகத்தில் தமிழில் விளக்கம் சொல்லும் ஒரு மேசையும் மூதூருக்கு மாதம் ஒரு நடமாடும் சேவையும் இருந்தால், நிதி நின்றாலும் மக்கள் அந்தரித்து நிற்கமாட்டார்கள்.

அதுவரைக்கும் இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். போகுமுன் திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை ஆகியவற்றின் மூலப்பிரதிகளையும் போட்டோ பிரதிகளையும் கொண்டுபோங்கள். பெயர் எழுத்துகளில் வேறுபாடு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.