பித்தநாளத்தில் கிருமி: உள்ளே ஸ்டென்டா, வெளியே டியூபா?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் இப்படி வந்தால் முதலில் கீழாநெல்லி அரைப்பார்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர் என்றால் எலிச்சிறுநீர்க் காய்ச்சலோ என்ற சந்தேகமும் எழும், அது நியாயமானதே. இரத்தப் பரிசோதனையோடு ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பித்தநாளம் விரிந்திருந்தால், பெரும்பாலும் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

ஆன்டிபயாடிக் மட்டும் போதாதா? அடைபட்ட நாளத்தில் அழுத்தம் ஏற ஏற, ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் இரத்தத்துக்குள் தள்ளப்படும். அதே அடைப்பால் மருந்தும் பித்தத்தில் சரியாக இறங்காது. நோய் லேசாக இருந்தால் 24 மணி நேரம் பார்க்கலாம். இரத்த அழுத்தம் இறங்கினாலோ பேச்சு தடுமாறினாலோ காத்திருக்கவே கூடாது, பித்தத்தை வடித்தே ஆக வேண்டும்.

வடிக்க இரண்டு வழி. இ.ஆர்.சி.பி. என்ற முறையில் வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டு, அடைப்பைத் தாண்டிப் பித்தநாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பார்கள். அடைப்புக்குக் கல் காரணமென்றால், முடிந்தால் அதையும் அப்போதே எடுத்துவிடலாம். கணைய அழற்சி வரக்கூடும் என்பதால் ஆசனவாயில் இண்டோமெத்தசின் என்ற அழற்சி தடுக்கும் மருந்து 100 மி.கி. வைப்பதுண்டு. மற்றது, தோலையும் ஈரலையும் துளைத்துப் பித்தநாளத்தில் வைக்கும் டியூப். பித்தம் அதன் வழியே வெளியே ஒரு பையில் வடியும். வயிற்று அறுவையால் பாதை மாறியவருக்கும், பித்தநாளம் ஈரலை விட்டு வெளிவரும் வாசலிலேயே அடைப்பு உள்ளவருக்கும் பெரும்பாலும் இதுதான் கைகொடுக்கும். பித்தம் குடலுக்கு வராதபோது வைட்டமின் கே உறிஞ்சப்படாது, இரத்தம் உறையத் தாமதமாகும். ஆகவே ஊசி குத்துமுன் ஐ.என்.ஆர். என்ற இரத்த உறைதல் பரிசோதனை பார்த்துச் சரிசெய்வார்கள்.

வாய்வழி எட்டுமானால் ஸ்டென்டே மேல். லயத்து வீட்டில் வாளித் தண்ணீரில் குளிப்பவருக்கும், குலை வெட்டப் போகிறவருக்கும் இடுப்பில் தொங்கும் பை பெரும் தொல்லை. ஆனால் 10 பிரெஞ்ச் (குழாய்த் தடிமனைச் சொல்லும் அலகு) பிளாஸ்டிக் ஸ்டென்டின் குறுக்களவு 3.3 மி.மீ.தான். கிருமிகள் உள்சுவரில் பாசிபோல் படிந்து, ஏறத்தாழ 3 மாதத்தில் அடைத்துவிடும். வலி போனதும் ஸ்டென்ட் இருப்பதையே மறந்து, பழைய நடுக்கத்தோடு திரும்புகிறவர்கள் உண்டு. மாற்றும் தேதியை கிளினிக் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

டியூப் அப்படி ஒளிந்துகொள்ளாது. பையில் பித்தம் நின்று, தோலோரம் கசிந்தால் அடைப்பு. மருத்துவமனையில் சொன்னபடி 5 முதல் 10 மி.லி. சலைன் (மருத்துவ உப்புநீர்) டியூபுக்குள் மெதுவாகச் செலுத்துங்கள். திரும்ப உறிஞ்சாதீர்கள், குடல் கிருமி மேலேறும். பை இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். பித்தம் நிறைய வடிந்தால் உப்பும் நீரும் சேர்ந்தே போகும். அளவைத் தினமும் குறித்து வையுங்கள். டியூப் உருவி வந்துவிட்டால் திரும்பச் செருகாமல், துளை மூடுவதற்குள் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.